பேக்கிங் ஷெட் வாசலில் சிவப்பு எம்.ஜி.

விருதுநகரிலிருந்து சாத்தூர் போகும் நான்குவழிச் சாலையை விட்டு இறங்கியதும் இடப்பக்கம் தெரிகிற தகரக் கொட்டகை பாலகுருவுடையது. வண்டி பழுது பார்க்க வருகிறவர்கள் உள்ளே நுழையும் முன் வாசல் தூணில் கட்டியிருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து எடுக்கவேண்டும். தகட்டிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் இறங்குகிறது. லாரி டிரைவர்கள் கேலி செய்வார்கள்.

"என்னலே பாலகுரு, உன் கடையில ஆயில் மாத்தணும்னாக்கூட சத்தியம் பண்ணிட்டுத்தான் வரணுமா?"

பாலகுரு சிரிப்பான். ஆனால் தொடாதவனை உள்ளே விடமாட்டான்.

அது பட்டாசுக் கம்பெனிப் பழக்கம். அச்சங்குளத்துக்காரனான அவன் இருபது வயதில் மருந்து கலக்கும் வேலைக்குப் போனான். வெயில் ஏறுவதற்குள் முடிக்கவேண்டிய வேலை. உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கட்டும் என்று அறை வாசலில் தகடு வைத்திருப்பார்கள். தொட்டுவிட்டுத்தான் நுழையவேண்டும். ஒரு பங்குனியில், பக்கத்தில் வேலை பார்த்த அவன் அண்ணன் பாண்டிராஜ் தகட்டைத் தொட்டானா இல்லையா என்று சொல்ல அந்த அறையில் ஆள் மிஞ்சவில்லை. பாலகுரு தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தான்.

அதன் பிறகு அவன் எந்தக் கம்பெனிக்குள்ளும் கால் வைக்கவில்லை. சாத்தூரில் ஒரு லாரி பட்டறையில் சேர்ந்து தொழில் பழகினான். ஆனால் மனைவி பொன்மணி வெம்பக்கோட்டைப் பக்கம் சீனிவாசகம் முதலாளியின் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். வேண்டாம் என்று அவன் சொல்லாத வருசமில்லை.

"எல்லாரும் உங்கள மாதிரி வெளிய வந்துட்டா தீபாவளிக்கு ஊரே ஊமையாத்தான் கிடக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் கம்பெனி வேனில் ஏறிவிடுவாள்.

அதே சீனிவாசகத்தின் வீட்டுக்குத்தான் பாலகுரு ஞாயிறுதோறும் போனான். விருதுநகரில் அவர் வீட்டுப் பின்கட்டில் ஒரு எம்.ஜி. கார் நின்றது. இங்கிலாந்தில் செய்தது, சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, கூரை கிடையாது. மலைமேல் தேயிலை எஸ்டேட் வைத்திருந்த ஒருவரிடமிருந்து சீனிவாசகத்தின் அப்பா வாங்கி வந்தது. வெகுகாலம் துருப்பிடித்துக் கிடந்த அதை ஓட்டியே தீருவது என்று மகன் ஹரிஷ்குமார் கிளம்பினான். மதுரை மெக்கானிக்குகள் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பாலகுரு மட்டும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "எந்திரிச்சுரும்," என்றான்.

அந்த வண்டி அவனுக்கு ஒரு புது ஊர் மாதிரி இருந்தது. நம்மூர் ஸ்பானர் எதுவும் அதில் உட்காராது. எல்லாம் இஞ்சு அளவு. பேட்டரியை மற்ற வண்டிகளுக்கு நேர்மாறாக மாட்டவேண்டும். பிளஸ் முனைதான் வண்டி உடம்போடு சேரும். அந்தப் பேட்டரியும் முன்னால் இல்லை, இருக்கைக்குப் பின்னால் ஒரு மூடிக்கு அடியில் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே பெட்ரோல் பம்ப். சாவியைத் திருப்பியதும் பம்ப் டிக் டிக் என்று அடிக்கும். முன்னால் இருக்கிற இரண்டு கார்புரேட்டரும் நிறைந்ததும் அடங்கிவிடும்.

"வயிறு ரொம்பினா அழுகையை நிப்பாட்டிருதுண்ணே," என்பான் ஹரிஷ்குமார். அவனும் கைலியைக் கட்டிக்கொண்டு கிரீஸும் கையுமாக நிற்பான். முதலாளி மகன் என்ற எண்ணம் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவருக்குமே மறந்துபோகும்.

வண்டி எழுந்தது. ஓடவும் ஓடியது. ஒரு குறை மட்டும் போகவில்லை. வேகத்தில் போய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சைலன்ஸரில் டப்பென்று அடித்தது. அடிக்கும்போது பின்னால் ஒரு கை நீளத்துக்கு நெருப்பு வந்தது. வால்வு ஒன்று கருகியிருக்கிறது என்று பாலகுரு கண்டுபிடித்தான். இங்கிலாந்துக்கு எழுதிக் கேட்டு வாங்கிய வால்வு சென்னைத் துறைமுகம் வரை வந்து அங்கேயே கிடந்தது.

அந்த நிலைமையில்தான் ஹரிஷ்குமார் ஒருநாள் உற்சாகமாக வந்தான்.

"இந்த ஆயுத பூசைக்கு நம்ம வண்டி கம்பெனிக்குள்ள போகுதுண்ணே."

பாலகுரு கையைத் துடைத்துக்கொண்டான். "எங்கனக்குள்ள?"

"பேக்கிங் ஷெட் வாசல் வரைக்கும். தாத்தா அங்கனதான் நிப்பாட்டுவாகளாம். அப்பாவுக்கு ஆசை."

"சின்னவரே, பின்னால நெருப்புல்ல கக்குது."

"காலை எடுக்காம மெதுவா ஓட்டுனா கக்காதுல்ல?"

"பிரேக் போடணும்னா காலை எடுக்கணுமே."

"லோடு லாரியெல்லாம் உள்ள வருதே, அண்ணே."

"அதெல்லாம் பொறி வெளிய வராம சைலன்ஸர் வாயில வலை மாட்டிக்கிட்டு வருது. இது அடிக்கிற அடிக்கு வலை தெறிச்சுப் போயிரும். என் வீட்டுக்காரி அந்த ஷெட்டுல உக்காந்திருக்கா. உருட்டிக்கிட்டே போயிருவோமே."

அதற்கு சீனிவாசகம் ஒத்துக்கொள்ளவில்லை. பூசைக்கு வருகிற வண்டி தன் சத்தத்தில் வரவேண்டும், தள்ளிக்கொண்டு வந்தால் வருசம் முழுக்கத் தொழிலையும் தள்ளிக்கொண்டே போகவேண்டியதுதான் என்பது அவர் வீட்டு நம்பிக்கை. பாலகுரு மறுபடி வாயெடுத்தபோது, "உனக்கு எதைப் பாத்தாலும் பயம்ப்பா," என்றார். அண்ணனைப் பற்றி அவருக்கும் தெரியும். அதனால் குரலில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

பூசை நாள் காலையில் வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து கம்பெனி கேட்டுக்கு வெளியே இறக்கி வைத்திருந்தார்கள். வாசலில் வாழைமரம் கட்டி, மைக்செட் பாடிக்கொண்டிருந்தது. ஆண்களும் பெண்களும் புதுத்துணியில் கூட்டமாக நின்றார்கள். கம்பெனிக்குள் நெருப்பு ஆகாது என்பதால் சூடமெல்லாம் கேட்டுக்கு வெளியேதான். முந்தின நாள் கட்டிய பட்டாசுப் பெட்டிகள் ஷெட்டுக்குள் கூரை வரை அடுக்கியிருந்தன. சீசன் ஆர்டர், பூசை முடிந்ததும் லாரி ஏறவேண்டியவை.

பாலகுரு ஆயில் பார்ப்பதுபோல் பானெட்டைத் திறந்தான். தீப்பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிற டப்பாவின் மூடியைக் கழற்றினான். உள்ளே கட்டைவிரல் அளவுக்கு ஒரு ரோட்டர் இருக்கும். அது இல்லாமல் எந்தப் பொறியும் பிறக்காது, வண்டி எழுந்திருக்காது. அதை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மூடியைத் திரும்ப மாட்டினான். வண்டி கிளம்பாது, வெளியிலேயே பூசை போட்டுவிட்டுப் போவார்கள் என்பது அவன் கணக்கு.

ஹரிஷ்குமார் வந்து சாவியைத் திருப்பினான். இஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி சுற்றினான். சோக்கை இழுத்துவிட்டுச் சுற்றினான். கூட்டத்தில் ஒரு பெண், "வெள்ளைக்காரன் வண்டி, தமிழ்ல சொன்னா கேக்குமா," என்றாள். சிரிப்பு எழுந்தது. ஹரிஷ்குமாரும் சிரித்தான். சுற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை.

சீனிவாசகம் கடிகாரத்தைப் பார்த்தார். ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. பாலகுரு எதிர்பார்க்காதது அப்போது நடந்தது.

"நேரம் போகுது. தள்ளுங்கப்பா," என்றார் அவர்.

பாலகுரு வாய் திறப்பதற்குள் கூட்டம் வண்டியைச் சூழ்ந்துவிட்டது. ஆளாளுக்கு ஒரு கை வைக்க, வண்டி கேட்டைத் தாண்டிச் சரிவில் உருண்டது. எப்படியும் இறக்கத்தில் பிடித்துவிடும் என்று ஹரிஷ்குமார் சாவியை அணைக்காமல் கியரைப் போட்டுப் போட்டு எடுத்தான். ஒவ்வொரு தடவையும் இஞ்சின் பெட்ரோலை இழுத்து, எரிக்காமல் சைலன்ஸருக்குள் தள்ளியது. பின்னாலேயே ஓடிய பாலகுருவுக்கு அந்த வாடை முகத்தில் அடித்தது. தான் செய்த காரியம் அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

வண்டி பேக்கிங் ஷெட் வாசலில் நின்றது. கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் அந்தச் சத்தம் கேட்டது. டிக், டிக், டிக். பம்ப் அடங்கவில்லை. எங்கோ பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருக்கிறது. இருக்கைக்குப் பின்னால் தரையிலும் ஈரம் பரவியிருந்தது.

பொன்மணி ஷெட் கதவில் சாய்ந்து நின்றாள். தலையில் பூ வைத்திருந்தாள்.

முதலாளி வீட்டு டிரைவர் பாண்டிச்செல்வம் இரும்பு ஸ்பானரோடு முன்னால் வந்தான். "பேட்டரி ஒயரை ஒரு தடவை கழட்டி மாட்டுனா எடுத்துக்கிரும் சின்னவரே. எல்லா வண்டிக்கும் இதான் வைத்தியம்." இருக்கைக்குப் பின்னாலிருந்த மூடியைத் தூக்கிவிட்டான். சாவி போட்டபடி இருக்கிற பேட்டரியில் ஒயரைக் கழற்றினால் பொறி பறக்கும். கீழே பெட்ரோல் நிற்கிறது.

பாலகுரு நடந்துபோய்ப் பேட்டரியின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினான்.

"கையை எடுண்ணே," என்றான் பாண்டிச்செல்வம்.

"ஸ்பானரைக் கீழ போடாத. மெள்ள என் கையில குடு. சின்னவரே, சாவியை அணைங்க."

ஹரிஷ்குமார் அணைத்தான். டிக் டிக் நின்றது. பாலகுரு சட்டைப்பையிலிருந்து ரோட்டரை எடுத்து இருக்கைமேல் வைத்தான்.

"நான்தான் எடுத்தேன்."

ஹரிஷ்குமார் ரோட்டரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லண்ணே," என்றான்.

மண்ணை அள்ளிக் கொட்டி ஈரத்தை மூடினார்கள். வண்டியை வெளியே தள்ளிவிடலாம் என்று பாலகுரு கெஞ்சினான். சீனிவாசகம் அவன் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"தள்ளிக்கிட்டு உள்ள வந்தாச்சு. அதே மாதிரி தள்ளிக்கிட்டே வெளிய போகக்கூடாது. போனா அதோட எல்லாம் போயிரும். எப்ப எந்திரிக்குதோ அப்பப் போகட்டும். அதுவரைக்கும் இங்கனயே நிக்கட்டும்."

"டாங்கியில பெட்ரோல் நெறைய இருக்குய்யா. அதையாவது இறக்கிருதேன்."

"நீ தொட்டது போதும்."

அன்றைக்கே பாலகுருவை உள்ளே விடக்கூடாது என்று கேட்டில் சொல்லிவிட்டார்கள். பொன்மணியின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. சீசனில் பழகின கையை யாரும் விடுவதில்லை. வண்டியை ஷெட்டை ஒட்டிய சார்ப்புக் கொட்டகைக்கு நகர்த்தித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். நெருப்பைத் தடுக்கப் போய், அதைக் கொண்டுபோய் மனைவியின் முதுகுக்குப் பின்னால் நிறுத்திவிட்டோம் என்று பாலகுருவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

"போகாத," என்றான்.

"தீபாவளி முடியட்டும்," என்றாள் அவள். "பெட்ரோல் வாசம் தெரியுதான்னு தெனம் கேக்குறீக. அங்கன மருந்து வாசத்துல என்னத்தைத் தெரியும்?"

தீபாவளிக்கு முந்தைய வாரம், பகல் சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன் ஹரிஷ்குமாரிடமிருந்து போன் வந்தது. பழைய ஞாயிற்றுக்கிழமைக் குரல்.

"அண்ணே, மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீக. இன்னைக்கு நல்ல நாளாம். வண்டிய எடுக்கச் சொல்லிட்டாக அப்பா. ரோட்டர் இல்லாமலே கொஞ்ச நேரம் இஞ்சினைச் சுத்திவிட்டுட்டு, இப்ப அதை மாட்டிட்டேன். பெட்ரோல் கொஞ்சம் வழிஞ்சுச்சு, தொடச்சாச்சு."

"ஸ்டார்ட் பண்ணாதீக, சின்னவரே. சைலன்ஸர் பூராம் பெட்ரோல் ஊறிக்கிடக்கும். மொத அடியே நெருப்பாத்தான் வெளிய வரும். பிளக்கைக் கழட்டிட்டு, ஒரு நாள் காய விட்டு..."

"சாப்பாட்டு நேரத்துலதாண்ணே எடுக்குறோம். எல்லாரும் மரத்தடிக்குப் போயிருவாக. ஒண்ணும் ஆகாது. பொன்மணி அக்காவும் அங்கனதான் இருப்பாக."

லைன் அறுந்தது. திரும்ப அடித்தால் எடுக்கவில்லை. சீசனில் பேக்கிங் பெண்கள் யாரும் மரத்தடிக்குப் போவதில்லை. பீஸ் கணக்கு, கட்டின பெட்டிக்குத்தான் கூலி என்பதால் இருந்த இடத்திலேயே தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுவிட்டு அடுத்த பெட்டியை இழுப்பார்கள். இது ஹரிஷ்குமாருக்குத் தெரியாது. அவன் சாப்பாட்டு வேளையில் ஷெட்டுப் பக்கம் வந்ததில்லை.

பாலகுரு பைக்கை எடுத்தான். ஒரு கையால் பொன்மணியின் எண்ணை அழுத்தினான். மணி போனது. நெடுநேரம் போனது. எடுத்தது ஒரு ஆண் குரல்.

"யாருப்பா அது?"

கேட் வாட்ச்மேன் இருளாண்டி. உள்ளே போகிறவர்கள் செல்போனைக் கேட்டில் இருக்கிற மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

"மாமா, பாலகுரு. பொன்மணிய வெளிய வரச் சொல்லுங்க. எல்லாப் பொம்பளையாளையும் வரச் சொல்லுங்க. வெரசா."

"போனு இங்கன இருக்கு மாப்ளே, ஆளு உள்ளல்ல இருக்கு. நான் எப்படிக் கேட்ட விட்டு நகர? சின்னவரு வேற வண்டிய எடுக்கப் போறாராம், ரெண்டு கதவையும் தெறந்து வச்சுக்கிட்டு நிக்கச் சொல்லியிருக்காக."

"கதவு கிடக்கட்டும் மாமா. ஓடுங்க."

அண்ணன் பாண்டிராஜைத் தூக்க வந்தவர்களில் இருளாண்டியும் ஒருவர்.

"சரி, இரு. பாக்கேன்," என்றார்.

போனை அணைக்கத் தெரியாமல் அப்படியே பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனார். பாலகுரு வெம்பக்கோட்டைச் சாலையில் பைக்கை முடுக்கினான். காதில் அழுத்திப் பிடித்திருந்த போனில் இருளாண்டியின் செருப்புச் சத்தம் தூரமாகப் போய்த் தேய்ந்தது. வண்டி எழுந்துவிட்டதா என்று அவன் காதைத் தீட்டிக்கொண்டிருந்தபோது பெட்டிக்குள் வேறு யாருடைய போனோ அடிக்க ஆரம்பித்தது, அதைத் தாண்டி எதுவும் கேட்கவில்லை.