காஞ்சிபுரத்தில் நான் வளைத்த தெரு

தை மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை காஞ்சிபுரம் போய் வந்தேன். கோயிலுக்கும் இல்லை, புடவைக்கும் இல்லை. நான் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள். ஐந்து வருடத்துக்கு முன் பெரிய காஞ்சிபுரத்தின் ஓரத்தில் நெசவாளர்களுக்கு நாற்பது வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்றை வரைந்தேன். திருட்டு நடக்காதபடி கட்டடங்களை அமைப்பது எப்படி என்று அப்போதுதான் ஒரு பயிற்சி வகுப்பை முடித்திருந்தேன். சொல்லிக்கொடுத்ததை எல்லாம் அந்த நாற்பது வீட்டில் இறக்கிவைத்தேன். இப்போது அதே வகுப்பில் என்னையே பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். திரையில் காட்டப் படம் வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம்.

காலை 4.40க்குத் தாம்பரத்தில் பஸ். வாலாஜாபாத் வழி, டிக்கெட் 52 ரூபாய். என் பக்கத்து ஜன்னல் கடைசிவரை மூடவில்லை, பனிக்காற்றில் காது மரத்துப்போனது. 6.35க்கு இறங்கி டீ குடித்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் அன்வர் பாய்க்கு அறுபது வயது இருக்கும். இரண்டு கிலோமீட்டருக்கு 120 ரூபாய் கேட்டார். அந்தக் குளிரில் எனக்குப் பேரம் பேசத் தெம்பில்லை.

பாதி வழியில் ஒரு பழைய தெருவின் முனையில் வண்டியை நிறுத்திவிட்டார். தெரு நெடுகப் பாவு கட்டியிருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு இழைகளை நீளமாக இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து, சிக்கெடுப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை.

“ஏழரை வரைக்கும் வண்டி போவாதும்மா. அந்தாண்டதான் உங்க காலனி. வாங்க, நடந்துடலாம், நானும் வரேன்” என்றார் பாய்.

அந்தத் தெருவைக் கடக்க எங்களுக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் மூன்று பேர் “யார் வூட்டுக்கு?” என்று கேட்டுவிட்டார்கள். ஒரு அம்மாள் என் பையையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஊருக்குள் வந்தால் கைரேகை வைக்க வேண்டுமா என்று பாயிடம் முணுமுணுத்தேன். அவர் சிரித்தார்.

அரை கிலோமீட்டர் தள்ளி என் குடியிருப்பு. வாசலில் நான் வரைந்த வளைவு, அதில் பெயர்ப்பலகை. உள்ளே போனோம். ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. கதவுகள் பூட்டியிருந்தன. பதினான்காம் எண் வீடுவரை இரண்டு அந்நியர்கள் நடந்து போனோம், எங்களை யாரும் பார்க்கவில்லை.

வகுப்பில் மூன்று விஷயங்களை அடித்துச் சொல்வார்கள். தெருவைப் பார்த்த ஜன்னல் இருந்தால் திருடன் தயங்குவான். வந்தவன் வேகமாகத் தப்பிக்க வழி இருக்கக் கூடாது. இது எங்கள் இடம் என்ற எண்ணம் குடியிருப்பவர்களுக்கு வர வேண்டும். மூன்றும் சரிதான், இப்போதும் மறுக்க மாட்டேன். ஜன்னல்களைத் தெருப்பக்கம் வைத்தேன். நேரான தெருவில் பைக்கில் வரும் திருடன் பறந்துவிடுவான் என்று முப்பத்தைந்து அடிக்கு ஒரு திருப்பம் கொடுத்தேன். எங்கள் இடம் என்பதற்கு அந்த வளைவு.

பதினான்காம் எண்ணில் மல்லிகா இருந்தாள். சாவி கொடுத்த நாளில் எல்லோருக்கும் முன்னால் காபி போட்டு எனக்குத் தந்தவள். இந்த முறை இடது கையால் கதவைத் திறந்தாள். வலது மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்திருந்தது.

“என்ன ஆச்சு மல்லிகா?”

“கார்த்திகை மாசம் ஆச்சு மேடம். காலைல எல்லாரும் பாவத் தூக்கிக்கினு பழைய தெருவுக்குப் போயிட்றாங்க. அறுவது அடி நேரா வேணும். இங்க முப்பத்தஞ்சு அடிக்கு ஒரு தபா தெரு திரும்புது, எங்க கட்றது? அன்னிக்கு எனக்கு ஜுரம், நான் போவல. வாசல் தெளிக்க வந்தேன். பைக்க முக்குல வுட்டுட்டு ரெண்டு பேரு நடந்து வந்தானுங்க. தாலிச் செயினப் புடிச்சு இழுத்தான், நான் வுடல. படியில வுழுந்துட்டேன். கத்தினேன் மேடம். கேக்கறதுக்கு யாரு இருக்காங்க?”

பாய் வாசலிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். அவள் கத்தியபோது கேட்க ஆள் இல்லாமல் செய்தவள் நான்.

உள்ளே தறியில் பாதி நெய்த புடவை, மேலே பழைய வேட்டி போர்த்தியிருந்தது. வேறு யாரையாவது வைத்து முடிக்கலாமே என்றேன். “கை மாறினா நெசவு காட்டிக்குடுத்துடும் மேடம். நான் தறில அடிக்கிற அடி வேற, அவங்க அடி வேற” என்றாள். கை சரியாகும் என்று டாக்டர் சொல்லவில்லையாம்.

ஜன்னலில் செய்தித்தாள் ஒட்டியிருந்தாள். நாற்பது வீட்டிலும் அப்படித்தானாம். வெயில் பட்டால் சாயம் வெளுக்கும், வறண்ட காற்று பட்டால் இழை அறுந்துபோகும். தாளைக் கொஞ்சம் கிழிக்கச் சொல்லிவிட்டுத் தறிக்குழியில் கால் விட்டு அவள் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். என் கண்ணுக்கு நேரே சுவர். தலையைத் தூக்கினால் ஒரு துண்டு வானம். அந்த ஜன்னலிலிருந்து தெருவைப் பார்க்க வேண்டும் என்றால் மல்லிகா வேலையை விட்டு எழுந்து நிற்க வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை நாலு லட்சம் செங்கல்லில் கட்டிக் காட்டியிருக்கிறேன்.

கிளம்பும்போது, “திருப்புட்குழில புதுக் காலனி கட்றாங்களே, அதுல என் தங்கச்சிக்கு ஒரு வூடு வந்திருக்குது. அங்கியாச்சும் தெருவ நேரா போடுங்க மேடம்” என்றாள். சரி, இப்போதே போய்ப் பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

படம் எதுவும் எடுக்கவில்லை. ஆட்டோ நின்ற இடத்துக்கு நடந்து வந்து, பாயை அப்படியே திருப்புட்குழிக்கு விடச் சொன்னேன். பதின்மூன்று கிலோமீட்டர், காத்திருந்து திரும்பக் கொண்டுவிட 500 ரூபாய். பெருமாள் கோயில் கோபுரம் தெரிகிற தூரத்தில் மனை. கடைக்கால் தோண்டி முடித்து, பாதிக்குமேல் கருங்கல் கட்டிவிட்டார்கள். முப்பத்தைந்து அடி, திருப்பம், முப்பத்தைந்து அடி, திருப்பம். எங்கள் அலுவலகத்தில் என் பழைய வரைபடத்தை அப்படியே எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

“உங்க பிளான்தான மேடம்? நல்ல பேரு வாங்கின பிளானாம்” என்றார் மேஸ்திரி.

அங்கேயே நின்று மேலதிகாரிக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டார். “பாவம்மா. ஆனா ரூல்படி எல்லா கட்டத்துலயும் டிக் இருக்கு. அடுத்த இடத்துல பாத்துக்கலாம்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. எங்கள் தொழிலில் கொள்கை தெரியாதவர்களும் இல்லை. டிக் அடிக்க இருபத்துநான்கு கட்டம் கொண்ட படிவமே வைத்திருக்கிறோம். விடிகாலை ஆறரை மணிக்கு இந்த மனிதர்கள் எங்கே இருப்பார்கள் என்று கேட்கத்தான் அதில் கட்டம் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: பாவு நீட்டுவதைப் பார்க்க ஏழு மணிக்குள் போய்விடுங்கள். மழை நாளில் இருக்காது. இழையைத் தொடாதீர்கள். ஓரமாக நடங்கள். யார் வீட்டுக்கு என்று கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள். அந்தத் தெருவுக்குக் காவல் அதுதான். என்னைப் போல வரைகிறவர்கள், கோடு போடும் முன் ஒரு விடிகாலை போய் நின்றுவிட்டு வாருங்கள். நான் ஐந்து வருடம் பிந்திப் போனேன்.

திரும்பும் பஸ் 1.10க்கு. வாலாஜாபாத் தாண்டும்போது மல்லிகா கூப்பிட்டாள்.

“பாத்தீங்களா மேடம்? தெரு நேராத்தான இருக்குது?”

பொய் சொல்லியிருக்கலாம். “இல்ல மல்லிகா. வளைஞ்சுதான் இருக்கு. கல்லு கட்டிட்டாங்க” என்றேன்.

பஸ் இரைச்சலில் போனைக் காதோடு அழுத்தினேன்.

“சரி மேடம்” என்றாள். “ஜுரம் அடிச்சாலும் காலைல வூட்ல தனியா இருக்காதடினு தங்கச்சிகிட்ட சொல்லிட்றேன்.”