ஒரே ஒரு போன் நம்பர்

காரைக்குடியில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். புரோகிராம் எழுதத் தொடங்குமுன் எந்தப் பகுதி எதைச் செய்யும், எது எதோடு பேசும் என்று பெட்டி பெட்டியாக வரைந்து திட்டம் போடுவதுதான் என் வேலை.

பக்கத்து ஊர் மருத்துவமனை ஒன்றுக்கு யார் எந்த நாளில் டயாலிசிஸுக்கு வர வேண்டும் என்று முறை குறித்து, போனுக்கு மெசேஜும் அனுப்பும் மென்பொருள் கேட்டார்கள். விவரம் கேட்க நேரில் போனேன். தலைமை நர்ஸ் ஒரு தடித்த நோட்டைக் காட்டினார்.

"மெசேஜ் அனுப்புறது நல்லதுதான். ஆனா இங்க வர்றவுக நெறையப் பேருக்குச் சொந்த போன் கெடையாது. மகன் நம்பரைக் குடுப்பாக, மகன் வெளிநாட்டுல இருப்பாக. நாந்தான் இந்த நோட்டுல இருக்குற நம்பரைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்கு, டீக்கடைக்கெல்லாம் போன் போட்டுச் சொல்றேன். அதையும் சேர்த்துக்கிருங்க."

குறித்துக்கொண்டேன். கூட்டத்தில் சொன்னபோது மேலாளர், "நாள் இல்ல. அடுத்த கட்டத்துல பார்த்துக்கலாம்" என்றார். நான் வாதாடவில்லை. நோயாளிக்கு ஒரு நம்பர் என்று வரைந்து, நர்ஸ் சொன்னதைக் கடைசிப் பக்கத்தில் 'பின்னர்' என்ற தலைப்பின் கீழ் போட்டேன். அந்தப் பக்கத்தை யாரும் படிக்கவில்லை.

மென்பொருள் வந்ததும் நோட்டை எடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் மெஷின் ஒன்று பழுதாகி, வியாழக்கிழமை முறைகள் புதனுக்கு மாறின. தேவகோட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கான மெசேஜ் சிங்கப்பூரில் வேலையிலிருந்த மகனுக்குப் போனது. அவர் பார்க்கவில்லை. பெரியவர் வழக்கம்போல வியாழனன்று பஸ்ஸில் வந்து இறங்கினார். அன்று அவருக்கு மெஷின் கிடைக்கவில்லை; மறுநாள்வரை காத்திருந்ததில் கால் வீங்கி, மூச்சு வாங்கியது. அவசரப் பிரிவில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் இறந்துபோனார்.

மருத்துவமனையிலிருந்து செய்தி வந்ததும் ஓடினேன். நர்ஸ் கோபப்படவில்லை.

"நீங்க அன்னைக்கு எழுதிக்கிட்டீகளே, அதான் சேர்த்திருப்பீகன்னு நெனச்சேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து அன்றிரவே திட்டத்தை எடுத்து வைத்து உட்கார்ந்தேன்.

இரண்டே நாளில் இன்னொரு நம்பருக்கும் இடம் வைத்து, மெசேஜைப் பார்க்காதவர்களின் பட்டியல் நர்ஸுக்குப் போகும்படி திட்டத்தை மாற்றினேன். அதற்கும் நாள் இருந்திருக்கிறது! மேலாளர் வேகத்தைப் பாராட்டினார்.

அடுத்த வாரம் அந்த மகன் மருத்துவமனைக்குப் போன் செய்திருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதி எனக்கு அனுப்பினார்கள்.

"அப்பா போயிட்டாக. வாங்கன்னு இன்னும் மெசேஜ் வருது. நிப்பாட்டிருங்க."

ஒருவர் இறந்துவிட்டால் என்ன செய்வது என்று நான் வரைந்த படத்தில் எங்குமே இல்லை. பெரியவர் பெயருக்கு எதிரே இருந்த மகனின் நம்பரைத் தேடி, நானே கையால் அழித்தேன்.