பள்ளத்துக்கு முட்டுக் கொடுத்த கதை

மழைநீர்க் கால்வாய் வேலைக்கு டெண்டர் போட உட்கார்ந்தபோதுதான் அந்தப் புது நிபந்தனையைப் பார்த்தேன். ஒப்பந்ததாரர் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றிதழை இணைக்க வேண்டுமாம். எனக்குக் கோபம்தான் வந்தது. இருபது வருடமாகப் பள்ளம் தோண்டுகிறவனுக்கு யார் வந்து பாடம் நடத்துவது?

மதுராந்தகத்தில் மரக்கடை வைத்திருக்கும் என் கூட்டாளியிடம் போய்ப் புலம்பினேன். கடைத்தெரு பாய் வீட்டுப் பிள்ளை, பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம். வகுப்புக்குப் போகாமலே சான்றிதழ் வாங்கித் தர ஓர் ஆள் இருப்பதையும் சொன்னேன்.

"வாணாம் மச்சான். மூணு நாளு தானே? போய்க் குந்திகினு வா. பேஜாரா இருந்தா தூங்கு. திருட்டுப் பேப்பர வச்சி என் பேரயும் சேத்து டெண்டர் போடாத" என்றான்.

தூங்குகிற எண்ணத்தோடுதான் வகுப்பு நடந்த செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன். பாடம் எடுத்தவர் முப்பது வயதுப் பெண். முதல் நாளே என்னைக் கேட்டார்: "உங்க ஆளு பள்ளத்துலேந்து எப்படி மேல வருவாரு?"

"மேல நிக்கிறவன் கை குடுப்பான்."

"அவரு டீ குடிக்கப் போயிருந்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வேலையிடத்தில் பல நாள் அப்படித்தான் நடந்திருக்கிறது. அந்த மூன்று நாளும் நான் தூங்கவில்லை.

டெண்டர் கிடைத்துக் கருங்குழியில் வேலை தொடங்கினோம். ஓர் இடத்தில் எட்டடி ஆழம் போக வேண்டும். வகுப்பில் சொன்னபடி மண்ணை விளிம்பிலிருந்து தள்ளிக் கொட்டச் சொன்னேன். மண் சரியாமலிருக்க இரண்டு பக்கமும் பலகை நிறுத்தி, குறுக்கே சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்து, ஓர் ஏணியையும் இறக்கினோம். பலகையெல்லாம் கூட்டாளி கடையிலிருந்து வந்தவை.

படாளத்திலிருந்து வரும் கணவனும் மனைவியும் பல வருடமாக என்னிடம் வேலை செய்கிறார்கள். அவர் வெட்டுவார், அந்த அம்மா மண் சுமப்பார். பலகையைப் பார்த்ததும் கணவர் சிரித்தார். "இன்னா அண்ணாத்த, பள்ளத்துக்குச் சட்ட தச்சி போட்றியா?"

"ஆமா. நீ கீழ எறங்கறப்ப கிழியாம பாத்துக்க" என்றேன்.

இரண்டு நாள் மழைக்குப் பிறகு வெயில் அடித்த ஒரு காலை. சாலையில் ஜல்லி லாரி ஒன்று கனமாகப் போனது. அவர் பள்ளத்தில் வெட்டிக்கொண்டிருந்தார், நான் சிமெண்ட் மூட்டைப் பக்கம் இருந்தேன். கட்டை நெரிகிற சத்தம் முதலில் அந்த அம்மாவுக்குத்தான் கேட்டது.

"யோவ், பலக வளையுது! ஏறு! ஏறிடுய்யா!"

அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஏணியைப் பிடித்தார். நான் ஓடி வருவதற்குள் மேலே கால் வைத்துவிட்டார். அதுவரை தாங்கி நின்ற கட்டை அப்போதுதான் ஒடிந்தது. ஒரு பக்கத்து மண் முழுக்கச் சரிந்து, அவர் நின்ற இடத்தை மூடியது.

அந்த அம்மா கணவனின் தோள், முதுகு, கை என்று தடவிப் பார்த்தார். பிறகு அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு அழுதார். அவர் அடியை வாங்கிக்கொண்டு, "ஒண்ணும் இல்லடி, மேல தான கீறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டாளிக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். "ஆளு நல்லா கீறாரா? அது போதும் மச்சான். வேலைய நிறுத்து, நான் வரேன்" என்றான்.

பேரூராட்சிப் பொறியாளர் வந்து பார்த்து, பள்ளத்தை அகலமாகச் சரித்து வெட்டச் சொன்னார். இன்னும் தடித்த கட்டைகளாக முட்டுக் கொடுத்துப் பத்து நாளில் அந்த இடத்தை முடித்தோம்.

வேலை முடிந்த அன்று அந்த அம்மா கையைக் கழுவிக்கொண்டே என்னிடம் வந்தார். "ண்ணா, அந்த கிளாஸு பொம்பளைங்களுக்கும் உண்டா? இருந்தா என் பேர எழுதிக் குடு. இந்த ஆள நம்ப முடியாது."

அடுத்த வாரமே எழுதிக் கொடுத்தேன்.