பொன்செல்வியின் ஆறாவது பாட்டு

பொன்செல்விக்கு வாய் சும்மா இருக்காது. சாலைக் கடைத்தெருவில் நாங்கள் வேலை பார்க்கும் துணிக்கடையில் பதினோரு வருடமாகச் சேலை எடுத்துப் போடுகிறாள். எந்தச் சினிமாப் பாட்டைக் கேட்டாலும் வரிகளை மாற்றிவிடுவாள். நூறு சேலையைப் பிரிக்கச் சொல்லிவிட்டுக் கைக்குட்டை வாங்கிப் போகிறவர்களை அவள் பாடியது பக்கத்துக் கடைத்தெருவான ஆரியசாலை வரை பரவிற்று.

ஆறு பாட்டைச் சேர்த்து ஓணத்துக்கு ஆல்பம் வெளியிட நினைத்தாள். ரெக்கார்டிங் செய்த சுமந்த், "டியூன்காரங்க சம்மதம் வேணும் சேச்சி. இல்லெங்கில் போட்ட அன்னைக்கே தூக்கிடுவாங்க" என்றான். ஐந்து சினிமாப் பாட்டுக்கும் கம்பெனிகளுக்கு எழுதினாள். ஏழு மாதம் இழுத்தடித்தார்கள். எனக்கு வந்த எரிச்சலில் பாட்டே வேண்டாம் என்றேன். அவள் விடவில்லை. ஓணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் ஐந்தாவது சம்மதமும் வந்தது.

ஆறாவது பாட்டுக்கு அவள் யாரையும் கேட்கவில்லை. அது எங்கள் கடை விளம்பரப் பாட்டு. காலை முதல் கடையடைக்கும் வரை ஸ்பீக்கரில் அதுதான். தினமும் காதில் விழுகிற அதற்கும் சொந்தக்காரர் உண்டென்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. அதில் அவள் வைத்த வரிகள் இவை:

வர்றவங்க உக்காருங்க, வாய்க்குக் காப்பி குடிச்சுக்குங்க,
நிக்கிறவ காலு வீங்கும், நீங்க சேல பாத்துக்குங்க.

எங்களுக்கும் ஸ்டூல் உண்டு. லேபர் ஆபீஸர் வருகிற அன்று மட்டும் குடோனிலிருந்து வெளியே வரும்.

அந்த டியூன் கடைக்குச் சொந்தம் என்று சுமந்த் சொல்லித்தான் முதலாளி உமாசங்கரிடம் கையெழுத்துக்குப் போனோம். பொன்செல்வியின் போனில் அவர் முழுப் பாட்டையும் கேட்டார்.

"மத்த அஞ்சும் போட்டுக்கோ. இது வெளிய வந்தா நீ பின்னே கடைக்கு வர வேண்டாம், கேட்டோ."

"செரி முதலாளி" என்றாள் பொன்செல்வி. வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். அது தெரிந்தும், உடனே தலையாட்டிவிட்டாளே என்று எனக்கு அவள் மேல் கோபம் வந்தது.

ஐந்து பாட்டோடு ஆல்பம் வந்தது. திருவோணத்துக்கு முந்தின நாள், உத்திராடத்தன்று, கடையில் நிற்க இடமில்லை. ஸ்பீக்கரில் விளம்பரப் பாட்டு. சேலை மடித்துக்கொண்டிருந்த கௌசல்யா அதோடு பொன்செல்வி எங்களுக்குப் பாடிக் காட்டிய வரிகளை முனகினாள். பக்கத்திலிருந்தவள் சேர்ந்தாள். அடுத்த மாடிக்கும் போயிற்று. நானும் பாடினேன். பொன்செல்வி மட்டும் வாயை இறுக்கிக்கொண்டு நின்றாள். மேனேஜர் ஹரிகுமார் மாடி மாடியாக ஓடினார். யாரையென்று பிடிப்பார்?

கடைசியில் முதலாளியே இறங்கி வந்து ஸ்பீக்கரை அணைத்தார். நாங்கள் நிறுத்தவில்லை. இப்போதுதான் வரிகள் தெளிவாகக் கேட்டன.

நாற்காலியில் உட்கார்ந்து சேலை பார்த்த அம்மா ஒருவர் எழுந்தார். நாற்காலியைப் பொன்செல்வி பக்கம் தள்ளி, "இரி மோளே" என்றார்.

முதலாளி நாலடி தூரத்தில் நின்றார். பொன்செல்வி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த சேலையை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.