படகின் கயிறும் கொழுந்தனார் மாடும்

எங்கள் வாசலில் டிரெய்லர் மேல் நிற்கும் சின்னப் பாய்மரப் படகை, மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியாகத் தரச்சொல்லிக் கேட்கிறார் கொழுந்தனார். படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க அடியில் இறங்கி ஏறும் நடுப்பலகையின் கயிறு அறுந்துவிட்டதாம், இனி அது படகே இல்லையாம். என் வீட்டுக்காரரும் தலையாட்டிவிட்டார்.

விடுவேனா? காலையிலேயே திண்டிவனத்தில் கயிற்றுக்கடை வாசலில் நின்றேன்.

"இன்னாக்கா, மாட்டுக்கா, கெணத்துக்கா?"

"படகுக்கு."

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நம்மூர்ல ஏதுக்கா கடலு? சரி, கெட்டியா வாங்கிக்கினு போங்க. எருமை இழுத்தாலும் அறுவாது."

எருமை என்றதும் கொழுந்தனார் மாடு ஞாபகத்துக்கு வர, ரோஷத்தில் இருப்பதிலேயே தடிமனானதை வாங்கினேன். வீட்டுக்கு வந்து நுழைத்தால், படகில் கயிறு போகவேண்டிய குழாயில் அது பாதி நுழைந்து சிக்கிக்கொண்டது.

வீட்டுக்காரர் காபி டம்ளரோடு வந்தார். "இன்னாமே, தொட்டி ரெடியா?"

மறுபடியும் கடை. இந்த முறை மெல்லிய நைலான் கயிறு.

பாவாடைக்கு நாடா கோக்கும் அதே வித்தைதான். ஊக்குக்குப் பதில் சைக்கிள் பிரேக் கம்பி. கம்பியைக் குழாய்க்குள் விட்டு, நுனியில் கயிற்றைக் கட்டி இழுத்தேன். கயிறு மறுபக்கம் எட்டிப் பார்த்தது. அதைப் பலகையில் முடிந்து இழுத்தால், பலகை சமர்த்தாக மேலே ஏறியது!

"ஞாயித்துக்கெழம மரக்காணம் உப்பங்கழியில படக எறக்குறேன். வர்றீங்களா?"

"எனக்கு நீச்சல் தெரியாதேமே."

எனக்கு மட்டும் தெரியுமா என்ன? லைஃப் ஜாக்கெட் இருக்கிறது, போகிறேன்.

யார் வீட்டிலாவது உபரியாகத் தண்ணீர்த் தொட்டி இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். கொழுந்தனார் மாடு தாகத்தோடு நிற்கிறது.