வெறும் படிகம்

ராணியின் ஊரான வித்துராவிலிருந்து போன் வந்தபோது நான் ஆய்வுக்கூடத்தில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன். பேசியது அவள் தம்பி. "மேடமே, அக்கா போயிட்டாங்க. காலைல நெஞ்சுவலின்னாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலேயே..." நான் அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

உங்களில் பலருக்கு அவளை எங்கள் டெக்னீஷியன் செல்வராணியாகத் தெரியும். என் வயதுதான். வைரஸ் புரதங்களைப் படிகமாக வளர்த்தவள். போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள் என்பதால், உப்புக்கல்லைவிடச் சிறிய படிகத்தை அவள் உடையாமல் எடுப்பதைப் பார்க்கும் விருந்தினர்கள், "தேயிலை கிள்ளிய கை அல்லவா!" என்று புகழ்வார்கள். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "ஒரு கொழுந்துகூட கிள்ளினதில்ல சாரே, எங்கம்மா விடல. இங்க வந்து நாலு வருஷம் கிரிஸ்டல உடைச்சு உடைச்சுப் படிச்சதாக்கும் இது."

இரண்டாயிரங்களின் தொடக்க ஆண்டுகள். டெங்கு வைரஸின் புரதம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தோம். சின்னஞ்சிறு மூலக்கூறுத் துண்டுகளைக் கரைப்பானில் கரைத்து, அதில் படிகத்தை ஊறவைத்து, எக்ஸ்ரேயில் பார்ப்போம். புரதத்தின் குழிக்குள் ஏதாவது ஒரு துண்டு போய் உட்கார்ந்தால், அதை வளர்த்து மருந்தாக்க வழி பிறக்கும். மாதக்கணக்கில் ஒன்றும் உட்காரவில்லை. அடுத்த வாரம் எங்களுக்கு நிதி தரும் குழு வரப்போகிறது. காட்ட ஒன்றுமில்லையென்றால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து, குழிக்குள் ஏதோ உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு புடைப்பு படத்தில் தெரிந்தது. நான் துள்ளிக் குதித்தேன்.

ராணி குதிக்கவில்லை. "மேடமே, துண்டு போடாம, கரைப்பான்ல மட்டும் ஒரு வெறும் கிரிஸ்டல் ஊறவெச்சுப் பாப்போம்."

"மிச்சம் இருக்கறதே ஒரு கிரிஸ்டல். அதையும் பாழாக்கணுமா? உனக்கு என்ன தெரியும்?"

"தெரியாததுனாலதானே பாக்கச் சொல்றேன்."

"என்னமோ பண்ணித் தொலை!" என்று கத்திவிட்டு ஸ்ரீவராகத்தில் இருந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் வெறும் படிகத்தின் படம் வந்தது. அதே குழி, அதே புடைப்பு. உட்கார்ந்திருந்தது எங்கள் துண்டு அல்ல, கரைப்பான். அவமானத்தில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே சாயாவும் அந்தப் படமுமாக வந்தாள். "அது தன்னால வந்து உக்காந்துச்சுல்லே? அப்போ அங்க எடம் உண்டு, கேட்டோ. இதே சாயல்ல கொஞ்சம் நீளமான துண்டா தேடுவோமே?"

குழுவிடம் இரண்டு படங்களையும் காட்டி, ஏமாந்த கதையையும் சொன்னேன். மேலும் ஓராண்டு தந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள், ராணி சொன்ன சாயலில் ஒரு துண்டு குழிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. வெறும் படிகத்தில் இல்லாத நீண்ட வால் அதில் தெளிவாகத் தெரிந்தது. இன்னும் மருந்தாகவில்லை. ஆகும் என்றே நம்புகிறேன்.

"உனக்கு என்ன தெரியும்" என்றதற்கு நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. அவளை அறிந்த உங்கள் எல்லோர் முன்னாலும் இப்போது கேட்கிறேன். நான் ஆசைப்பட்டதையே சந்தேகப்படும் துணிச்சலை எனக்குத் தந்தவள் அவள். அதை விடமாட்டேன்.

இன்னொரு துண்டு உட்கார்ந்திருப்பதாக நேற்று எடுத்த படம் காட்டுகிறது. மிக அழகாக இருக்கிறது. வெறும் படிகத்தை எடுக்கும்போது உடைத்துவிட்டேன். இன்று புதிதாக வளர வைத்திருக்கிறேன். அதன் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே, துண்டு உட்கார்ந்துவிட்டதாக உங்களிடம் சொல்லிவிட்டேன். ராணி இருந்திருந்தால் திட்டியிருப்பாள்.