அக்காவின் கலர் எடிட்டர்

நோட்பேட் என்றாலே அக்காவுக்கு இளக்காரம். "அதெல்லாம் ஒரு எடிட்டராடி? கடைச் சாமான் எழுதத்தான் லாயக்கு" என்பாள். லிந்துலையிலிருந்து ஹட்டனுக்கு, கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகும் பஸ்ஸிலேயே எங்கள் சண்டை தொடங்கிவிடும்.

அவள் புரோகிராம் எழுதும் எடிட்டரில் கட்டளைச் சொற்கள் நீலமாகத் தெரியும். வரிகளுக்கு எண் இருக்கும். திறந்த அடைப்புக்குறியை மூட மறந்தால் காட்டிக்கொடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சில நிமிடத்துக்கு ஒருமுறை எழுதியதைத் தானாகவே மெஷினுக்குள் சேமித்துக்கொள்ளும். என் நோட்பேட்டில் இதில் ஒன்றுமே கிடையாது. ஆனால் எனக்கு ஒதுக்கிய கிழட்டு மெஷினில் அதுதான் நகர்ந்தது. தவிர, காற்றடித்தால் கரண்ட் போகிற தேயிலைத் தோட்ட லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தவள் நான். நாலு வரி எழுதினால் ஃபிளாப்பியில் ஒரு சேவ். அந்தக் கரகர சத்தத்துக்கே அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். அவளும் அதே லயம்தான், ஆனால் எதையும் நம்பிவிடுவாள்.

கெட்டிக்காரி என்றால் அவள்தான். நான் பின்னால் ஒட்டிக்கொண்டு போனவள். கடைசிப் பரீட்சையில் தேறினால் கொழும்பில் வேலை எடுத்துத் தருவதாக வகுப்பு நடத்தியவர்கள் சொல்லியிருந்தார்கள். தேறாவிட்டால் அக்காவுக்குக் குவைத்தில் வீட்டு வேலை. அப்பா போன பிறகு கொழுந்து பறித்தே எங்களை ஆளாக்கிய அம்மா, அவளுக்குப் பாஸ்போர்ட்கூட எடுத்து வைத்துவிட்டார். "நீ பாஸாயிட்டேன்னா அத அடுப்புல போட்டுர்றேன்" என்றார்.

பரீட்சையன்று பேய்மழை. புரோகிராமை எழுதி, முடிவில் ஃபிளாப்பியில் பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும். அக்காவின் ஃபிளாப்பி இன்னும் ஹேண்ட்பேக்குக்குள்தான் இருந்தது. முடிக்கும் தறுவாயில் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அப்போதுதான் கரண்ட் போனது.

அவள் பயப்படவேயில்லை. "என் எடிட்டரு எடுத்து வச்சிருக்கும்டி" என்று சிரித்தாள். கரண்ட் வந்து மெஷினைப் போட்டால், எடிட்டர் இருந்தது, எழுதியதில் ஒரு வரிகூட இல்லை. வைரஸ் தொல்லை தாங்காமல், மெஷின் அணைந்து திரும்ப வரும்போதெல்லாம் புதிதாகச் சேர்ந்ததை அழித்துவிடும் ஒரு சாமானை அந்த வாரம்தான் எல்லா மெஷினிலும் போட்டிருக்கிறார்கள். எங்களிடம் ஒரு பாவியும் சொல்லவில்லை.

"இன்னும் ஒரு மணித்தியாலம் குடுங்க சேர், திரும்ப எழுதிருவேன்" என்று அக்கா கெஞ்சினாள். அவளுக்கு அந்த எடிட்டரைப் பழக்கியதே, எங்களுக்கு வகுப்பெடுத்து அன்றைக்குப் பரீட்சைக்கும் நின்ற அந்த யாழ்ப்பாணத்துச் சேர்தான்.

"எல்லாருக்கும் ஒரே நேரம்தான் பிள்ளை. நான் என்ன செய்யிறது?"

"மொதல்லயே சொல்லியிருக்கணுமா இல்லையா சேர்?" என்று நான் கத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி உடைக்க வேண்டும் போலிருந்தது.

என் வேலை ஃபிளாப்பியில் பத்திரமாக இருந்தது. அரைகுறைதான், ஆனாலும் தேறிவிட்டேன். கொழும்புக்கு நான் போனேன். குவைத்துக்கு அவள் போனாள்.

ஆபீசில் பையன்கள் டீ குடிக்கும்போது எந்த எடிட்டர் நல்லது என்று அடித்துக்கொள்வார்கள். நான் எழுந்து போய்விடுவேன்.

சில வருடம் கழித்து அக்கா லீவில் வந்தாள். என் லாப்டாப்பில் அவளுடைய எடிட்டரையே திறந்து நீட்டினேன். "ஏதாச்சும் எழுதேன்க்கா." இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்போடு அவள் விரல்கள் எழுத்துகளைத் தேடின. ஒன்றும் எழுதவில்லை. முதல் வேலையாக அந்த வெற்றுத் திரையை சேவ் பண்ணினாள்.

"இன்னும் ஒண்ணுமே எழுதலையேக்கா."

"இருக்கட்டும்டி" என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவையும் சேவ் பண்ணினாள்.